பாதியில் நின்ற நாடகம்

ருவான்வெல்லைக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த எங்கள் தோட்டப் பாடசாலையில் நான் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்த அளவுக்குப் படித்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு நடந்த வாணி விழாவில் பெற்றோர்களுக்கு முன்னால் பேசும் பொறுப்பைப் பாடசாலை அதிபர் என்னிடம் கொடுத்தார்.

‘கல்வியின் சிறப்பு’ என்று தலைப்பு வைத்துக்கொண்டேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த கட்டுரைகளில் எவையெல்லாம் காதுக்கு இனிமையாக இருந்தனவோ அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கோத்தேன். அறியாமை இருளை அகற்றும் அணையா விளக்கு என்றேன். பாலைவனத்தில் தளர்ந்து வருபவனுக்குக் கிடைக்கும் சோலை என்றேன். வருடத்தில் பாதி நாள் மழை பெய்து றப்பர் பால் வெட்டு நின்றுபோகிற ஊரில் நின்றுகொண்டு பாலைவனத்தைப் பற்றிப் பேசுகிறோமே என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விழா முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேல் லயத்து அக்கா ஒருத்தி என்னிடம் வந்தாள். எங்கள் அம்மாவைப் போல அவளும் றப்பர் வெட்டுபவள்தான்.

“பேச்சு நல்லா இருந்துச்சு டீச்சர். எங்க புள்ளைங்களுக்கு ஏதும் குடுக்கப் போறாங்களா?”

“இல்லங்க. படிப்பப் பத்திச் சொன்னேன்.”

“அப்பிடியா? ஹரி ஹரி,” என்று சிங்களத்தில் ‘சரி சரி’ சொல்லிச் சுண்டலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அவள் கிண்டல் செய்யவில்லை. மேடையில் ஒருவர் அவ்வளவு நேரம் பெரிய வார்த்தைகளாகப் பேசினால் அரிசியோ பிள்ளைகள் எழுதக் கொப்பியோ வரப்போகிறது என்று நினைப்பதில் அவளுக்கு நியாயம் இருந்தது. எனக்குத்தான் அன்று அவள்மேல் கோபம் வந்தது. சொல்வது புரியாத சனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகளின் வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகத் தொடங்கின. கேட்டால் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்பார்கள். கொழும்பு என்றால் யாராவது ஒரு நோனாவின், எஜமானியம்மாவின், வீடு. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, பிள்ளை பார்ப்பது. அதிபர் லயம் லயமாக ஏறி இறங்கிப் பேசிப் பார்த்தார். அவர் போகும்போது தலையை ஆட்டுவார்கள். மறுவாரம் இன்னொரு வாங்கு காலியாகும்.

“இந்த வாட்டி வாணி விழாவுக்குப் பேச்சு வேணாம்மா,” என்றார் அதிபர். “நாடகம் ஒண்ணு எழுதும்மா. நாடகம்னா சனம் கடைசி வரைக்கும் உக்காரும். அந்தப் புள்ளைங்களப் பத்தி எழுது.”

நான் ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். குடிகாரத் தகப்பன், காசுக்கு ஆசைப்பட்ட தாய், நயமாகப் பேசும் தரகன், அகப்பையால் அடிக்கும் நோனா. பாவப்பட்ட சிறுமி மூன்று காட்சிகளில் அழுகிறாள். கடைசிக் காட்சியில் வெள்ளைச் சேலை கட்டிய ஆசிரியை ஒருத்தி வந்து அவளை மீட்கிறாள். மீட்ட கையோடு தாயைப் பார்த்து ஒரு பக்கத்துக்குப் புத்தி சொல்கிறாள். அந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே ஒரு அக்கா. அவளுக்குப் பதினான்கு வயதாகி, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவள் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வருவாள். என் சப்பாத்து, வெள்ளைச் சீருடைத் துணி, டவுனில் டியூஷன் வகுப்பு, எல்லாம் அவள் அனுப்பியதில்தான் நடந்தன. அம்மா றப்பர் வெட்டினார். அப்பா நான் சிறியவளாக இருந்தபோதே தவறிவிட்டார். இதெல்லாம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் நாடகம் எழுதிய அந்த ஒரு வாரத்தில் என் அக்கா என் நினைவுக்கு வரவே இல்லை. அவள் எனக்கு அக்கா. நாடகத்தில் வருவது ஒரு ‘சமூகப் பிரச்சினை’. இரண்டையும் நான் இரண்டு வெவ்வேறு அலுமாரிகளில் வைத்திருந்தேன் போலும்.

நோனாவின் குடும்பம் வெளிநாட்டில் இருந்த மகனைப் பார்க்கப் போனதால் அக்காவுக்கு அந்த வருடம் ஒரு மாத லீவு கிடைத்தது. அவள் வந்த மறுநாள் பின்னேரம் நான் பெருமையாகக் கொப்பியை நீட்டினேன். வாசலில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்ல மெல்லப் படித்தாள். உள்ளே அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். முதலில் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

“அகப்பையால அடிக்குதா? எங்க நோனா என்னய அடிச்சதே இல்ல.”

“அப்ப என்ன செய்வாங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பேசவே மாட்டாங்க. வேலை சொல்லுவாங்க, அவ்வளவுதான். எனக்குக் கொஞ்ச நாள்ல தமிழே மறந்துரும் போல இருந்துச்சு. காஸ் அடுப்புக்கிட்ட தமிழ்ல பேசிக்கிட்டு இருப்பேன்.”

பிறகு பக்கத்தைப் புரட்டினாள். தாய் வருகிற காட்சிக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. முழுவதையும் படிக்காமலே கொப்பியை மூடினாள்.

“இது நம்ம அம்மாவா?”

“சீ, இல்லக்கா. இது சும்மா ஒரு அம்மா.”

“தோட்டத்துல சும்மா ஒரு அம்மா யாரு இருக்கா? பாக்குறவங்க எல்லாம் நீ அவங்களத்தான் சொல்றேன்னு நெனைப்பாங்க. திட்டத்தான் கூப்பிடுறியா? திட்டுறதுக்கு எதுக்கு நாடகம், வாசல்ல நின்னு திட்டிட்டுப் போயிரலாமே.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால் யார்தான் திருந்துவார்கள் என்றேன். அக்கா எழுந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் சிங்களமும் தமிழும் கலந்து வரும். அன்று ஒரே வார்த்தைதான் வந்தது. “அனே,” என்றாள், ‘ஐயோ’ என்பதுபோல. அப்புறம் குழாயடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நான் சமாதானமாக அவளிடம் கேட்டேன். அப்படியானால் உன் கதையைச் சொல், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன் என்றேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“நான் வீட்டு வேலை செஞ்சது எல்லாருக்கும் தெரியும். அதுக்காக மேடையில ஏத்துவியா? அது என்னோடது. நீ ஒன்னோடத எழுது.”

“என்னோடது என்ன இருக்கு? நான் இங்கதானே இருந்தேன்.”

“அப்ப அத எழுது,” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அதை யோசித்துச் சொன்னாளா, என் தொல்லை தாங்காமல் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லை என்கிறாள்.

இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. கொழும்பு வீட்டை நான் பார்த்ததில்லை. தரகனை நான் பார்த்ததில்லை. நாடகத்தில் நான் எழுதிய எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. யாரோ எழுதியதையும் யாரோ பேசியதையும்தான் திருப்பி எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்தது எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும், அக்கா போன பிறகு பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடமும்தான்.

அதை நினைத்தபோது வெட்கமான ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அக்கா போன முதல் இரவு நான் அழவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே போர்வை. அன்று அது முழுக்க எனக்குக் கிடைத்தது. கால் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு பிழைத்து அடி வாங்கி வந்த நாளில், சொல்வதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தபோதுதான் அழுகை வந்தது.

அதைத்தான் முதல் காட்சியாக எழுதினேன். தங்கச்சி ஒருத்தி பாயில் படுத்துக்கொண்டு, போர்வை முழுக்க எனக்கே என்று சொல்கிறாள். நாடகம் முழுவதும் அவள்தான் பேசுகிறாள். புதுச் சப்பாத்து வரும்போது துள்ளுகிறாள். லீவில் வந்த அக்காவின் கை சொரசொரப்பாக இருப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்கிறாள். அகப்பை இல்லை, தரகன் இல்லை, ஆசிரியை இல்லை. எழுதும்போது வார்த்தைகள் தாமாகவே எங்கள் லயத்துப் பேச்சாக வந்து விழுந்தன. “நான் போகிறேன்” என்று எழுத வேண்டிய இடத்தில் “போறேன்” என்று எழுதியபோது கை கொஞ்சம் தயங்கியது. பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை பார்க்கப் போகிறவர் பரீட்சகர் அல்லர். சுண்டலை முடிந்துகொண்டு போன அந்த மேல் லயத்து அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன்.

தாய் வேடத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். குரல் கணீரென்று இருக்கும், கடைசி வரிசை வரை கேட்கும். அவள் அந்த மேல் லயத்து அக்காவின் மகள். தீபாவளி முடிந்ததும் அவளையும் கொழும்புக்கு அனுப்பப் பேசி முடித்திருந்தார்கள் என்பது ஒத்திகை பாதி நடந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. மாற்றிவிடலாமா என்று அதிபரைக் கேட்டேன். “அவ நடிக்கணும்னு ஆசைப்படுறா. விடும்மா,” என்றார்.

வாணி விழா அன்று மழை தூறியது. மழையானால் வெட்டு இல்லை. அதனால் ஆண்களும் பெண்களுமாகப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. இரண்டு சேலைகளைக் கோத்துத் திரை கட்டியிருந்தோம். அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றாள்.

போர்வை வசனத்துக்குச் சனம் சிரித்தது. யாரோ ஒரு கிழவர், “எங்க வீட்டுலயும் அதே சண்டைதான்,” என்று சத்தமாகச் சொன்னார். திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, இவர்கள் கேட்கிறார்கள் என்று புரிந்தது. மூன்றாவது காட்சியில் தாய், மூத்த மகளை பஸ் ஏற்றி விடுகிறாள். நான் எழுதியிருந்தபடி அவள் ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பிள்ளை அப்படியே நின்றாள்.

அப்போது முன்வரிசையில் அவளுடைய சொந்த அம்மா எழுந்தாள்.

“டீச்சர், அந்த அம்மா எதுக்குப் பேசாம நிக்கிறா? பேச வையுங்க.”

அதிபர், “உக்காருங்கம்மா, நாடகம் முடியட்டும்,” என்று கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. திரைக்கு வெளியே வந்து, “என்ன பேசணுங்க?” என்று கேட்டேன்.

“ஒம்பதாம் வகுப்பு முடிஞ்சா இங்க படிக்க எடமில்ல, டவுனுக்குத்தான் போகணும். விடியக் காலையில நாங்க வெட்டுக்குப் போயிருவோம். புள்ள தனியா றப்பர் காட்டுக்குள்ள எறங்கி ரோட்டுக்கு வரணும். வந்தா பஸ் நிக்குதா? நெரம்பியிருக்குன்னு டிரைவர் மஹத்தயா கைய ஆட்டிட்டுப் போறாரு. பொம்பளப் புள்ள ரோட்டுல நிக்கிறத விட ஒரு வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கட்டும்னுதான் அனுப்புறோம். படிப்பு வேணாம்னு எந்த அம்மா சொன்னா? அத பேச வையுங்க.”

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. “ஆமாங்க,” “எங்க வீட்டுலயும் அதுதான்,” என்று குரல்கள் வந்தன. மேடையில், தாயின் சேலையோடு நின்றிருந்த அந்தப் பிள்ளை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“பஸ் நின்னா என்னய அனுப்புவீங்களா?”

அது நாடகத்தில் இல்லாத வசனம். தாய் வேடத்தில் நின்றுகொண்டு, மகளாகத் தன் அம்மாவிடம் அதைக் கேட்டாள். அம்மா சுற்றிலும் பார்த்தாள். தோட்டமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நின்னா அனுப்புவேன்,” என்றாள். பிறகு சட்டென்று உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

நாடகம் அதற்கு மேல் நடக்கவில்லை. கடைசிக் காட்சியை யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் எழுதி வைத்திருந்த முடிவு நன்றாகத்தான் இருந்தது, அது வீணாகப் போனதில் எனக்கு உள்ளுக்குள் வருத்தம்கூட இருந்தது. ஆனால் ஒன்று விளங்கியது. படிப்பின் அருமை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லப் போகிறேன் என்றுதான் முதல் உரையையும் எழுதினேன், முதல் நாடகத்தையும் எழுதினேன். தெரியாதவர்கள் என்று அந்த மண்டபத்தில் யாரும் இருக்கவில்லை. எனக்குத்தான் அந்தப் பாதையும் பஸ்ஸும் கண்ணில் படவில்லை. நான் டவுனுக்குப் படிக்கப் போன காலத்தில் வெட்டுக்குப் போகாமல் அரைநாள் சம்பளத்தை விட்டு அம்மா என்னோடு ரோடு வரை வருவார். அக்கா அனுப்பியது இருந்ததால் அவரால் அப்படி வர முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா தன் குடையை மடக்கிக்கொண்டு என் குடைக்குள் வந்து நடந்தாள்.

“அந்தப் போர்வை விஷயம் எனக்குத் தெரியாது,” என்றாள் பாதி வழியில்.

“கோவமா?”

“இல்ல. நானும் அங்க முத நாளு அப்பிடித்தான் தூங்கினேன். தனிப் போர்வை குடுத்தாங்க.”

இரண்டு பேரும் மழையில் நின்று சிரித்தோம்.

அடுத்து பஸ் டிப்போவுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அதிபர் முதலில் தமிழில் எழுதினார். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததில் தொடங்கி இரண்டு பக்கம் போயிற்று. படித்தால் மனம் உருகும். ஆனால் டிப்போவில் இருப்பவர் மேசையில் அன்று எத்தனை காகிதம் இருக்குமோ என்று நான் யோசித்தேன். அவருக்கு எந்த வளைவு, எத்தனை மணி பஸ், எத்தனை பிள்ளைகள் என்றுதான் தெரிய வேண்டும். அதிபரிடம் தயக்கத்தோடு சொன்னேன். “மத்தத வேற எடத்துல எழுதிக்கிறேன்,” என்று அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டிப்போவுக்குச் சிங்களத்தில்தான் எழுத வேண்டும். எனக்குச் சிங்கள எழுத்து தெரியும், ஆனால் என் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம். அக்காவுக்குச் சிங்களம் எழுதத் தெரியாது, ஆனால் வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் பேசுவதை அத்தனை வருடம் கேட்டிருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பணிவாக இருந்தது, கெஞ்சலாக இல்லை. அரைப் பக்கம்கூட வரவில்லை. தாய்மார் கையெழுத்து வைத்தார்கள், சிலர் பெருவிரல் பதித்தார்கள்.

பதில் வரவில்லை. மழை பெய்து வெட்டு இல்லாத ஒரு நாளில் தாய்மார்கள் சிலரும் நானும் நேரே டிப்போவுக்குப் போனோம். அங்கிருந்த சிங்கள டைம்கீப்பர் விண்ணப்பத்தின் நகலை நின்றபடியே வாசித்தார். எந்த வளைவு, பெரிய பலா மரம் நிற்கிற வளைவா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றோம். சுவரில் தொங்கிய அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

தை மாதத்துக்குப் பிறகு காலையில் ஒரு பஸ் அந்த வளைவில் நிற்கத் தொடங்கியது. எல்லா டிரைவர்களும் நிறுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. நிற்காத நாட்களில் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள். என்றாலும் டவுனுக்குப் படிக்கப் போன பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். கூட்டமாகப் போனதால் தாய்மாருக்குப் பயம் குறைந்தது. தாய் வேடம் போட்ட பிள்ளை தீபாவளிக்குப் பிறகு கொழும்புக்குப் போகவில்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்து, இப்போது கேகாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் வகுப்பில் இன்னும் சிலர் கொழும்புக்குத்தான் போனார்கள். ஒரு நாடகமும் அரைப் பக்கமும் அதற்கு மேல் செய்யவில்லை.

அக்காவும் லீவு முடிந்து திரும்பிப் போனாள். கல்யாணம் ஆகும் வரை, இன்னும் இரண்டு தீபாவளி, அந்த வீட்டில்தான் இருந்தாள். இப்போது அவிசாவளைப் பக்கம் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துப் பல வருடமாகிவிட்டது. இந்தக் கதையை எழுதட்டுமா என்று போன மாதம் அவளிடம் போனில் கேட்டேன்.

“இப்ப எழுதிக்க. பேரு மட்டும் போடாத. அப்புறம் அழுகையாவே எழுதி வெக்காத. நான் அங்க சிரிச்சதும் இருக்கு.”

“என்ன சிரிச்ச?”

அவள் சொன்னது இது. போன முதல் வருடம் நோனா குடும்பத்தோடு அவளையும் கொழும்புக் கடற்கரைக்கு, காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கடலை அவள் அன்றுதான் முதலில் பார்க்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது ஒரு அலை வந்து அவள் செருப்பில் ஒன்றை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நோனாவின் புருஷன் பெரிய அதிகாரி, வீட்டில் சிரிக்காத மனுஷன். அவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியிருக்கிறார். இடுப்பு வரை நனைந்து, வெற்றியோடு ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது வேறு யாருடையதோ செருப்பு. நிறமும் வேறு, அளவும் வேறு.

“அவருக்கு முன்னால சொல்ல முடியுமா? ‘ஸ்தூதி மஹத்தயா’ன்னு நன்றி சொல்லி வாங்கிப் போட்டுக்கிட்டேன். ஒரு வருஷம் அந்த ரெண்டு செருப்போடதான் அந்த வீட்டுக்குள்ள நடந்தேன். அவரு பாக்குறப்ப எல்லாம் அவருக்கு ஒரே சந்தோஷம்.”

போனில் அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி கேட்கவே இல்லை. திரும்பவும் ஒருமுறை முதலிலிருந்து சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன்.